மேப்பில் தனியா நிற்கும் புள்ளி: கல்வராயன் மலையை வெச்சு ஒரு டேட்டா பாடம்

எக்செல்ல ஒரு ஷீட் திறந்திருக்கீங்க. 300 ஊர், ஒவ்வொரு ஊருக்கும் லாட்டிட்யூட், லாங்கிட்யூட், மே மாச வெப்பநிலை, போர்வெல் ஆழம்னு பத்து காலம். சராசரி எடுத்தாச்சு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுத்தாச்சு. மூணு சிக்மாவைத் தாண்டினதை எல்லாம் டெலீட் பண்ணியாச்சு. "டேட்டா க்ளீன் ஆயிடுச்சு"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பத்தினது. இடம் சார்ந்த டேட்டாவில் அப்படி க்ளீன் பண்ணா இரண்டு தப்பு நடக்கும். சரியான எண்ணைத் தூக்கி எறிவோம், தப்பான எண்ணை உள்ளே விட்டுவிடுவோம். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி இருக்கு: மேப்பையும் கிராஃபையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சு, மவுஸால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. படிக்க நமக்கு வேணும் ஒரு மாவட்டம். கள்ளக்குறிச்சியை எடுத்துக்குவோம். ஏன்னா பாதி சமவெளி, பாதி மலைன்னு ஒரே மாவட்டத்துக்குள்ளே இரண்டு உலகம் இருக்கிற இடம் அது.

முதல்ல ஊரைத் தெரிஞ்சுக்கலாம்

கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு 2019 நவம்பரில் தனி மாவட்டமாச்சு. கிழக்கே உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் பக்கம் எல்லாம் நெல்லும் கரும்பும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கு. மேற்கே போனா கோமுகி அணை. அதைத் தாண்டி ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறினா கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஊர்கள் பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரத்தில், அதாவது சுமார் 600 முதல் 900 மீட்டரில் இருக்கு. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இடம். தாலுகா தலைமையிடம் வெள்ளிமலை.

ஒரு சின்ன எச்சரிக்கை இங்கேயே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "கள்ளக்குறிச்சி மாவட்டம்"னு தேடினா கிடைக்காது. அப்போ அது விழுப்புரம். பழைய டேட்டாவையும் புது மாவட்ட எல்லையையும் சேர்த்தால், பாதி ஊர் காணாமல் போன மாதிரி தெரியும். அது அவுட்லையர் இல்லை, எல்லை மாறினதன் விளைவு.

சுலபமான அவுட்லையர்: கள்ளக்குறிச்சி ஆர்க்டிக் போன கதை

கள்ளக்குறிச்சி டவுனின் கோஆர்டினேட் சுமார் 11.74 வடக்கு, 78.96 கிழக்கு. இரண்டு காலத்தையும் மாத்திப் போட்டுட்டோம்னு வெச்சுக்கோங்க. இப்போ 78.96 வடக்கு, 11.74 கிழக்கு. மேப்ல அது எங்க விழுதுன்னு பாருங்க: நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவு. அதுவும் சும்மா எங்கேயோ இல்லை. இந்தியாவின் ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையமான ஹிமாத்ரி இருக்கிற நி-ஓலெசுண்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில். கள்ளக்குறிச்சி ஃபைலில் இந்தத் தப்பு நடந்தா, மேப்பைத் திறந்த அந்த நொடியே பனிக்கரடி பக்கத்தில் ஒரு புள்ளி தெரியும். சிரிச்சுட்டுத் திருத்திடலாம்.

அடுத்த தப்பு இவ்வளவு நல்ல மனசு உள்ளது இல்லை. 11 டிகிரி 44 நிமிடம் என்பதை ஒருத்தர் 11.44 என்று எழுதுகிறார், 78 டிகிரி 57 நிமிடத்தை 78.57 என்று எழுதுகிறார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் சரியான தசம எண்கள் 11.73, 78.95. இந்தத் தப்பில் புள்ளி சுமார் 32 கிலோமீட்டர் தெற்கே, 41 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிடும். கள்ளக்குறிச்சி இப்போ சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லி, தம்மம்பட்டி பக்கம் உட்கார்ந்திருக்கும். மேப்ல பார்த்தா தமிழ்நாட்டுக்குள்ளேதான் இருக்கு. யாருக்கும் சந்தேகம் வராது.

இதைப் பிடிக்க ஒரு தந்திரம்: எல்லா கோஆர்டினேட்டிலும் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கத்துக்கு மட்டும் ஒரு ஹிஸ்டோகிராம் போடுங்க. ஊர்கள் பரவலா இருந்தா அது 00 முதல் 99 வரை பரவணும். நிமிடத்தை தசமமா எழுதியிருந்தா 59-க்கு மேல ஒண்ணுமே இருக்காது. ஃபைல் முழுக்க ஒரே ஆள் என்ட்ரி போட்டிருந்தா இது பளிச்சுன்னு தெரியும்.

மூணாவது வகை, ஊர்ப் பெயர். பெயரை மட்டும் கொடுத்து கம்ப்யூட்டரையே இடம் தேடச் சொன்னா, வெள்ளிமலை கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போக வாய்ப்பிருக்கு, அங்கேயும் ஒரு வெள்ளிமலை இருக்கு. "புதூர்"னு தேடினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கஷ்டமான அவுட்லையர்: கூட்டத்துக்குள்ளே ஒளிஞ்சிருப்பது

இப்போ பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். அவுட்லையர் இரண்டு வகை. மொத்த டேட்டாவோடு ஒப்பிட்டால் விலகி நிற்பது ஒரு வகை. இதை உலகளாவிய அவுட்லையர்னு வெச்சுக்கலாம். பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் மட்டும் விலகி நிற்பது இன்னொரு வகை. இது உள்ளூர் அவுட்லையர்.

ஒரு கற்பனை உதாரணம் போடலாம். எட்டு ஊர், மே மாசம் ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலை. சமவெளியில் அ 39, ஆ 40, இ 39, ஈ 34, உ 38. மலையில் ஊ 34, எ 35, ஏ 33.

சராசரி 36.5. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 2.6. ஈ ஊரின் 34 சராசரியிலிருந்து ஒரு சிக்மா கூட விலகலை. பாக்ஸ் பிளாட் போட்டாலும் கால்மானங்கள் 34, 39. வித்தியாசம் 5. அதில் ஒன்றரை மடங்கு 7.5. எல்லை 26.5 முதல் 46.5 வரை. எட்டு ஊரும் உள்ளே. டெஸ்ட் பாஸ்.

ஆனா ஈ ஊர் சமவெளியில் இருக்கு. அதைச் சுத்தி இருக்கிற அ, ஆ, இ, உ நாலுக்கும் சராசரி 39. நடுவில் இது மட்டும் 34. ஐந்து டிகிரி குறைவு! மலை ஊர்களும் அதே 34-ஐச் சொல்றதால் ஈ ஊர் அந்தக் கூட்டத்துக்குள்ளே ஒளிஞ்சுக்கிட்டது. டேபிளிலும் தெரியாது, ஹிஸ்டோகிராமிலும் தெரியாது. இதுதான் இடம் சார்ந்த டேட்டாவின் சிக்கல்.

இணைச்ச ஜன்னல்கள்

இப்போ ஸ்கிரீனில் இரண்டு ஜன்னல் வெச்சுக்கோங்க. இடப்பக்கம் மேப், வலப்பக்கம் ஹிஸ்டோகிராம். ஹிஸ்டோகிராமில் 33 முதல் 35 வரை உள்ள பட்டையை மவுஸால் தேர்ந்தெடுங்க. மேப்பில் அந்த நாலு ஊர் மட்டும் மஞ்சளாக மாறும். மூணு புள்ளி மலை மேல ஒண்ணா இருக்கு. நாலாவது புள்ளி சமவெளியில் தனியா நிற்குது. கணக்கு ஒண்ணும் போடலை. கண்ணே கண்டுபிடிச்சுடுச்சு.

இதுக்குப் பேர் பிரஷ்ஷிங். பெயின்ட் பிரஷ் மாதிரி ஒரு ஜன்னலில் தடவினா, இன்னொரு ஜன்னலில் நிறம் மாறும். 1970-களில் ஜான் டூக்கி குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் ப்ரிம்-9 என்ற சிஸ்டத்தில் ஸ்கிரீனிலேயே டேட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நாம எல்லாரும் போடுற பாக்ஸ் பிளாட்டைப் பிரபலமாக்கின அதே டூக்கிதான். 1987-ல் பெக்கரும் கிளீவ்லாண்டும் ஸ்கேட்டர் பிளாட் பிரஷ்ஷிங்கை விளக்கி எழுதினாங்க. 1989-ல் மார்க் மான்மோனியர் அதை மேப்புக்குக் கொண்டு வந்தார். 1991-ல் டப்ளின் டிரினிட்டி காலேஜின் ஜான் ஹாஸ்லெட்டும் அவரோட கூட்டாளிகளும் எழுதின கட்டுரைதான் நம்ம தலைப்புக்கு நேரடி மூலம். உலகளாவிய விலகலையும் உள்ளூர் விலகலையும் இணைச்ச ஜன்னல்களால் பிடிப்பது எப்படின்னு அவங்க காட்டினாங்க.

அவங்க பயன்படுத்தின ஒரு படத்தைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும்: வேரியோகிராம் மேகம். இதில் ஒரு புள்ளி ஒரு ஊர் இல்லை, ஒரு ஜோடி ஊர். எக்ஸ் அச்சில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம், ஒய் அச்சில் இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். எட்டு ஊருக்கு 28 ஜோடி. 100 ஊருக்கு 4950 ஜோடி, அதனால்தான் "மேகம்".

சாதாரணமா பக்கத்து ஊர்கள் ஒத்த மதிப்பு காட்டும், தூரம் கூடக் கூட வித்தியாசம் கூடும். அதனால் மேகம் இடமிருந்து வலமாக ஏறணும். படத்தின் இடது மேல் மூலை, அதாவது தூரம் கம்மி, வித்தியாசம் அதிகம், காலியா இருக்கணும். அங்கே புள்ளி இருந்தா பிரச்சனை. அந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்க. மேப்பில் ஜோடி ஜோடியாகக் கோடு வரும். ஈ-அ, ஈ-ஆ, ஈ-இ, ஈ-உ. நாலு கோடும் ஒரே ஊரில் போய்ச் சேரும், நட்சத்திரம் மாதிரி. நட்சத்திரத்தின் நடுவில் இருப்பவர்தான் நாம் தேடும் ஆள்.

மோரன் படம்: நீயும் உன் அக்கம்பக்கமும்

இன்னொரு படம் மோரன் ஸ்கேட்டர் பிளாட். பேட்ரிக் மோரன் 1950-ல் கொடுத்த அளவீட்டை லூக் ஆன்செலின் படமாக்கினார். எக்ஸ் அச்சில் ஊரின் மதிப்பு. ஒய் அச்சில் அக்கம்பக்கத்து ஊர்களின் சராசரி. சராசரிக் கோடுகளைப் போட்டால் நாலு கட்டம் கிடைக்கும்.

- நானும் அதிகம், அக்கம்பக்கமும் அதிகம்: சமவெளி ஊர்கள் இங்கே.
- நானும் குறைவு, அக்கம்பக்கமும் குறைவு: மலை ஊர்கள் இங்கே.
- நான் குறைவு, அக்கம்பக்கம் அதிகம்: ஈ ஊர் (34, 39) இங்கே தனியா.
- நான் அதிகம், அக்கம்பக்கம் குறைவு: நம்ம உதாரணத்தில் காலி.

கடைசி இரண்டு கட்டத்தில் விழுபவர்களை மவுஸால் வளைச்சுப் பிடிச்சா மேப்பில் யார் யார்னு தெரிஞ்சுடும்.

"பக்கத்து ஊர்" யார்?

இங்கேதான் கல்வராயன் நமக்குப் பாடம் எடுக்குது. மலை விளிம்பில் இருக்கும் ஊ ஊரை எடுங்க. நேர்கோட்டுத் தூரத்தில் அதுக்குக் கிட்ட இருப்பது அடிவாரத்து அ, ஆ, இ என்று வெச்சுக்கோங்க. சாஃப்ட்வேரில் "கிட்ட உள்ள மூணு ஊர்"னு கொடுத்தா, அக்கம்பக்கச் சராசரி 39.3. ஊ-வின் மதிப்பு 34. உடனே சிவப்பு மணி அடிக்கும். ஆனா ஊ ஊரில் ஒரு தப்பும் இல்லை. அது மலை மேல இருக்கு, அவ்வளவுதான். மேப் தட்டையானது, மலை தட்டையானது இல்லை.

தீர்வு: உயரத்தைக் கணக்கில் சேர்ப்பது. காற்று மண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மலை ஊர்கள் 600 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருந்தா 3.9 டிகிரி. அதைக் கூட்டினால் ஊ 37.9, எ 38.9, ஏ 36.9. இப்போ சமவெளியும் மலையும் ஒரே கூட்டம், 37-லிருந்து 40 வரை. ஈ மட்டும் 34-ல் வெளியே நிற்கும். ஒளிஞ்சிருந்த ஆளுக்கு மறைவிடம் போயிடுச்சு.

உயரம் எங்கே கிடைக்கும்? 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் டேட்டா இலவசம். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இதையே சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். ஃபைலில் "மலை கிராமம்"னு எழுதியிருக்கு, ஆனா அந்த கோஆர்டினேட்டில் உயரம் 150 மீட்டர்னு வருதா? அப்போ வெப்பநிலை சரி, இடம்தான் தப்பு. நம்ம ஈ ஊர் உண்மையில் மலை மேல இருக்கலாம்!

வெப்பநிலைக்கு உயரம். வேறு டேட்டாவுக்கு வேறு "பக்கம்". ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நேர்கோடு உதவாது, ரோடுதான் பக்கம். கீழே பார்த்தால் தெரியும் ஊருக்கு வளைஞ்சு இறங்கித்தான் போக முடியும்.

நிஜ உதாரணங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாள் காலை வந்த 24 மணி நேர மழைக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். எந்த பாக்ஸ் பிளாட்டும் இதை "எர்ரர்"னுதான் சொல்லும். மேப்பில் பாருங்க: புதுச்சேரியிலும் 45 சென்டிமீட்டருக்கு மேல். அக்கம்பக்கம் சாட்சி சொல்லுது. அடுத்த நாள் கணக்கில் கல்வராயனுக்கு வடமேற்கே ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில்! பக்கத்து அரூரிலும் மிகக் கனமழை. இரண்டுமே உலகளாவிய அவுட்லையர், உள்ளூர் அவுட்லையர் இல்லை. மூணு சிக்மா பார்த்து டெலீட் பண்ணியிருந்தா, புயலையே டெலீட் பண்ணியிருப்போம்.

இரண்டாவது, லண்டன், 1854. பிராட் தெருவில் காலரா. ஜான் ஸ்னோ சாவுகளை மேப்பில் குறிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒரு தண்ணீர் பம்பைச் சுத்திப் புள்ளிகள். ஆனா அவர் வாதத்துக்கு வலு கொடுத்தது அவுட்லையர்கள்தான். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பிச்சாங்க. அவங்களுக்கு ஆலையிலேயே பானமும் தனிக் கிணறும் இருந்தது. மறுபக்கம், தூரத்து ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மா இறந்தாங்க. விசாரிச்சா, பிராட் தெரு தண்ணி பிடிச்சதுன்னு தினமும் பாட்டிலில் வரவழைச்சுக் குடிச்சிருக்காங்க. விலகி நின்ற புள்ளிகளைப் போய் விசாரிச்சதால்தான் காரணம் உறுதியாச்சு.

மூணாவது நம்ம கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. கருணாபுரம் பகுதிதான் அதிகம் பாதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவங்களுக்குக் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் எனப் பல ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை நடந்தது. டேட்டா ஆளாக யோசிங்க. ஆஸ்பத்திரியின் இடத்தைப் புள்ளியாக வெச்சா, நாலு ஊரில் நாலு தனித்தனிப் பட்டியல். வீட்டின் இடத்தைப் புள்ளியாக வெச்சா, ஒரே இடத்தில் ஒரே கொத்து. டேட்டா ஒண்ணுதான். எந்த இடத்தைக் குறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. கூடவே இன்னொண்ணு: வீட்டுப் புள்ளியை அப்படியே வெளியிட்டா ஒரு குடும்பத்தின் துக்கத்தை விலாசத்தோடு ஊருக்குச் சொன்ன மாதிரி. ஆராய்ச்சிக்குத் துல்லியமான புள்ளி, வெளியீட்டுக்குத் தெரு அல்லது வார்டு அளவில் சேர்த்த எண். இதை மறக்கக்கூடாது.

நீங்களே செய்ய

ஜியோடா இலவசம். ஆன்செலின் குழு 2003-ல் வெளியிட்டது. நம்ம லேப் கம்ப்யூட்டரிலேயே ஓடும்.

1. ஊர்ப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக வெச்சு க்யூஜிஐஎஸ்ஸில் திறங்க. ஸ்வால்பார்ட் பக்கம் யாராவது போயிருக்காங்களான்னு முதல்ல பாருங்க.
2. க்யூஜிஐஎஸ்ஸில் ராஸ்டர் மதிப்பை எடுக்கும் டூல் மூலம் ஒவ்வொரு ஊருக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத்தைப் புதுக் காலமாகச் சேருங்க.
3. ஜியோடாவில் திறந்து, வெயிட்ஸ் மேனேஜரில் "பக்கத்து ஊர்" யார்னு வரையறுங்க. நாலு ஊர், ஆறு ஊர்னு மாத்திப் பாருங்க. மாத்தினதும் மறையும் அவுட்லையர் பலவீனமானது.
4. மேப், பாக்ஸ் பிளாட், உயரம்-வெப்பநிலை ஸ்கேட்டர் பிளாட், மோரன் படம், நாலையும் ஒரே நேரத்தில் திறந்து வைங்க. ஒண்ணில் தேர்ந்தெடுத்தா மத்த மூணிலும் தானா நிறம் மாறும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டே சின்னச் செவ்வகம் வரைஞ்சா, அதையே பிரஷ்ஷாக நகர்த்தலாம்.
5. பைத்தானில்தான் செய்வேன்னு அடம் பிடிப்பவங்களுக்கு ஆல்டேர் லைப்ரரி. லாங்கிட்யூட்-லாட்டிட்யூட் ஸ்கேட்டர் பிளாட்டையே மேப்பாக வெச்சு, பக்கத்தில் ஒரு ஹிஸ்டோகிராமை இணைச்சுடலாம்.

ஒரு எச்சரிக்கை. 300 ஊருக்கு 300 டெஸ்ட் நடத்தினா, ஐந்து சதவீத அளவில் சும்மா தற்செயலாகவே சுமார் 15 ஊர் சிவப்பாகும். சிவப்பு என்பது தீர்ப்பு இல்லை, "போய்ப் பார்"னு ஒரு சீட்டு.

அவுட்லையர் கிடைச்சுது, அப்புறம்?

நாலு கேள்வி கேளுங்க. இடம் சரியா? அளவு சரியா, அதாவது அடியா மீட்டரா, சென்சார் நிழலில் இருக்கா வெயிலில் இருக்கா? பக்கத்து ஊர்னு நான் எடுத்தது நியாயமா? மூணும் சரின்னா, அங்கே உண்மையிலேயே என்ன நடக்குது?

நாலாவது கேள்விக்குப் பதில் லேப்பில் கிடைக்காது. அங்கே போகணும், இல்லைன்னா அங்கே இருக்கிறவங்ககிட்ட கேட்கணும்.

கல்வராயன் மலை மாவட்டத்தின் 9 ஊராட்சி ஒன்றியங்களில் ஒண்ணு. மாவட்டச் சராசரி எடுத்தா மத்த எட்டின் எடையில் அது கரைஞ்சு போகும். மூணு சிக்மா வெச்சா சில சமயம் மொத்தமாக வெளியே விழும். பள்ளிக்கூடத் தூரமோ, ஆம்புலன்ஸ் வரும் நேரமோ, எந்த அளவாக இருந்தாலும் மலை ஊர்தான் வரைபடத்தின் ஓரத்தில் நிற்கும். எங்கே ரோடு வேணும், எங்கே சப்-சென்டர் வேணும்னு முடிவெடுக்கும் ஃபைலில் அந்த வரிசையை "நாய்ஸ்"னு நாம் தூக்கிட்டா, அந்த ஊருக்குக் கேட்க வழியே இருக்காது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யறதில்லை. ஒரு வரி கோட், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான்.

அதனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "அவுட்லையர்கள் நீக்கப்பட்டன"னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு டேபிள் சேருங்க: எந்த ஊர், என்ன மதிப்பு, பக்கத்து ஊர்களின் மதிப்பு, ஏன் நீக்கினோம். அந்தக் கடைசிக் காலத்தை நிரப்ப முடியலைன்னா, அந்த ஊர் ஃபைலிலேயே இருக்கட்டும்.